ராணி திருந்த வேண்டாம், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டால் போதும்

கேள்வி: எட்டு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு மாயக்கதை நாவல் எழுதி முடித்திருக்கிறேன். தேவதைகளின் ராணி ஒருத்தி கவின் என்ற நாலு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். அவன் படுக்கையில் அவனைப் போலவே இருக்கும் ஒன்றைப் போட்டுவிடுகிறாள். அவன் அக்கா யாழினி, வயது பதினொன்று, தம்பியை மீட்கப் போகிறாள். பிரதியைப் படித்த தோழிகள் இருவர், "தேவதை என்றால் நல்லவளாகத்தானே இருக்க வேண்டும்? பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். கடைசியிலாவது ராணியைத் திருத்திவிடு" என்கிறார்கள். என் அண்ணன் மகனோ, "ராணி வர்ற இடம்தான் அத்தை ரொம்ப போர்" என்கிறான். நான் யார் பேச்சைக் கேட்பது? கதைச் சுருக்கத்தையும் முதல் ஐந்து அத்தியாயங்களையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: நான் உங்கள் அண்ணன் மகன் கட்சி. ஆனாலும் தோழிகள் சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. மூன்று பேரும் விரல் வைத்திருப்பது ஒரே ஓட்டையில்தான்.

மூன்றாம் அத்தியாயத்தில் ராணி வருகிறாள். இடி இடிக்கிறது. கண் சிவக்கிறது. நகம் முழ நீளத்துக்கு வளர்கிறது. "இந்த உலகமே இனி என் காலடியில்!" என்று சிரிக்கிறாள். அடுத்த இரண்டு பக்கத்துக்குள் காற்றை நிறுத்துகிறாள், சுவருக்குள் புகுந்து வெளியே வருகிறாள், அம்மாவின் நினைவை அழிக்கிறாள். இத்தனையும் செய்ய முடிந்தவள் யாழினியை மட்டும் ஏன் விட்டுவைக்கிறாள்? கதை நடந்தாக வேண்டுமே என்பதைத் தவிர வேறு காரணம் பிரதியில் இல்லை. சின்னப் பையனுக்கு இந்தக் கேள்வி வாக்கியமாக வராது, கொட்டாவியாகத்தான் வரும். தோழிகளுக்கு அதே இடம் வேறு மாதிரி உறுத்தியிருக்கிறது. ராணியின் சக்திக்கு எல்லையே இல்லை என்றால் பிள்ளைகளுக்குத் தப்பிக்க வழியும் இல்லை. அவளாகப் பார்த்து மனம் இரங்கினால்தான் உண்டு. அதனால்தான் "திருத்திவிடு" என்கிறார்கள்.

ராணியின் கெட்ட குணத்தில் கை வைக்காதீர்கள். அவளே மீற முடியாத சட்டம் இரண்டு மூன்றை அவள் கழுத்தில் கட்டுங்கள். அண்ணன் மகனுக்கும் தோழிகளுக்கும் அதுதான் பதில்.

தோழிகளிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் கடன் வாங்கியிருக்கும் தேவதைகள் ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டார் கதைகளிலிருந்து வந்தவர்கள். அங்கே அவர்கள் ஒருநாளும் சாதுக்களாக இருந்ததில்லை. பிள்ளை திருடுவார்கள், மாடுகளுக்கு நோய் கொண்டுவருவார்கள், வழிப்போக்கரை ஆட்டத்தில் இழுத்துவிட்டு வருஷக் கணக்கில் விடமாட்டார்கள். அவர்களை "நல்ல ஜனங்கள்" என்று குறிப்பிட்டதே பயத்தினால்தான். காதில் விழுந்து கோபித்துக்கொண்டால் யார் தாங்குவது? அபர்ஃபாயில் என்ற ஸ்காட்லாந்து ஊரின் பாதிரியார் ராபர்ட் கிர்க், இவர்களுடைய நடைமுறைகளைப் பற்றி 1690-களின் தொடக்கத்தில் ஒரு நூலே எழுதினார். 1692-இல் அவர் இறந்தபோது ஊர் அதை நம்பவில்லை. ரகசியத்தை வெளியே சொன்னதற்காகத் தேவதைகள் அவரைக் குன்றுக்குள் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்றுதான் பேச்சு. சிறகும் மந்திரக்கோலும் கொண்ட குட்டித் தேவதையைப் பரப்பியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஓவியர்களும் நாடகக்காரர்களும். அந்தச் செல்ல வகையிலேயே மிகப் பிரபலமான டிங்கர் பெல் என்ன செய்கிறாள்? 1904-இல் மேடையேறிய பீட்டர் பான் நாடகத்தில், பொறாமையில் வெண்டி என்ற சிறுமியை அம்பெய்து வீழ்த்த ஆள் ஏவுகிறாள். இதை நினைவுபடுத்தினாலே தோழிகள் பாதி சமாதானம் ஆகிவிடுவார்கள்.

இப்போது சட்டம். அந்தப் பழங்கதைகளில் தேவதைகள் எவ்வளவுக்கெவ்வளவு ஆபத்தானவர்களோ அவ்வளவுக்கவ்வளவு விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள். இரும்பு ஆகாது. அவர்கள் தரும் உணவை ஒரு வாய் தின்றால் திரும்பி வர முடியாது. பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் பிடி விடும். அங்கே கழிகிற காலமும் இங்கே கழிகிற காலமும் ஒன்றல்ல. அயர்லாந்துப் பழங்கதை வீரன் ஓஷீன் அங்கே மூன்று வருஷம் இருந்ததாக நினைத்து ஊர் திரும்புகிறான், இங்கே முந்நூறு வருஷம் போய்விட்டிருக்கிறது. குதிரையிலிருந்து விழுந்து மண்ணைத் தொட்ட கணமே கிழவனாகிவிடுகிறான்.

இவற்றில் உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது டாம் லின் என்ற ஸ்காட்டிஷ் கதைப்பாடல். 1549-இலேயே இதைப் பற்றிய குறிப்பு கிடைக்கிறது. தேவதைகளின் ராணி டாம் லின் என்ற இளைஞனைப் பிடித்து வைத்திருக்கிறாள். ஏழு வருஷத்துக்கு ஒருமுறை நரகத்துக்கு ஓர் ஆளைக் கப்பமாகக் கட்ட வேண்டும், இந்த முறை தன் தலைதான் உருளும் என்று அவன் பயப்படுகிறான். காப்பாற்ற ஒரே ஒரு வழி. ஹாலோவீன் நள்ளிரவில் தேவதைகளின் குதிரைகள் வரிசையாகப் போகும்போது அவன் காதலி ஜேனட் அவனைக் குதிரையிலிருந்து இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர்கள் அவனைப் பாம்பாக்குவார்கள், கரடியாக்குவார்கள், சிங்கமாக்குவார்கள், பழுக்கக் காய்ச்சிய இரும்பாக்குவார்கள். எதுவானாலும் பிடியை விடக் கூடாது. அவள் விடவில்லை, அவன் மீள்கிறான்.

இதில் வாளும் இல்லை, மந்திரமும் இல்லை, "நீதான் தேர்ந்தெடுக்கப்பட்டவள்" என்ற தீர்க்கதரிசனமும் இல்லை. இறுகப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். பதினோரு வயதுப் பெண்ணால் முடிகிற காரியம், ஆனால் லேசான காரியம் இல்லை. வாசிக்கிற பிள்ளை அந்த இடத்தில் தன் கையை வைத்துப் பார்க்கும். அதைவிட முக்கியமாக, தோற்ற பிறகு ராணி என்ன செய்கிறாள் என்று பாருங்கள். மனம் மாறவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. "இப்படி நடக்கும் என்று தெரிந்திருந்தால் உன் கண்ணைப் பிடுங்கிவிட்டு மரக்கண்ணை வைத்திருப்பேன்" என்று அவனைச் சபிக்கிறாள். அவ்வளவு கோபத்திலும் அவனைத் திரும்பப் பறிக்கவில்லை. சட்டப்படி தோற்றால் தோற்றதுதான். உங்கள் கடைசி அத்தியாயத்துக்கு வேண்டியது இந்த மாதிரி ஒரு ராணி. அவள் கண்ணீர் விட்டு யாழினியைக் கட்டிக்கொண்டால், அதற்கு முந்தைய இருநூறு பக்கமும் வெறும் தவறான புரிதல் என்றாகிவிடும். யாழினி ஜெயித்தாள் என்றும் ஆகாது.

சட்டம் போடுவதில் ஒரு கறார் வேண்டும். தேவைப்படுவதற்கு வெகு முன்பே அது வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் சுருக்கத்தில் பதினோராம் அத்தியாயத்தில் யாழினியின் பையில் திடீரென்று ஓர் இரும்புச் சாவி இருக்கிறது. அது எப்போது அங்கே வந்தது? பிள்ளைகள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள், உடனே பிடித்துவிடுவார்கள். சாவியை எடுத்துவிடுங்கள். தொட்டிலுக்கு மேல் கத்தரிக்கோலைத் திறந்தபடி தொங்கவிடும் வழக்கம் அந்த நாட்டுப்புறங்களில் இருந்தது. இரும்பு, அதுவும் சிலுவை வடிவில். உங்கள் முதல் அத்தியாயத்தில் பாட்டி அப்படி ஒன்றைத் தொங்கவிடட்டும். குழந்தைக்கு மேலே கூர்மையான பொருளா என்று அம்மா பதறி எடுத்து மேசை இழுப்பறையில் போடட்டும். அன்று இரவுதான் கவின் காணாமல் போகிறான். பதினோராம் அத்தியாயத்தில் அதே கத்தரிக்கோல் வெளியே வந்தால் எந்தப் பையனும் கொட்டாவி விடமாட்டான்.

பின்னால் வந்த சிறார் நாவல்கள் பல வளர்த்தெடுத்த இன்னொரு விதியும் உண்டு. தேவதைகள் பொய் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஏமாற்றுவார்கள். "விடிந்ததும் உன் தம்பியை அனுப்பிவிடுகிறேன்" என்று ராணி சத்தியம் செய்கிறாள் என்று வையுங்கள். யாழினி நிம்மதியாக மூச்சு விடுகிறாள். இரண்டு அத்தியாயம் கழித்துத்தான் அந்த நாட்டில் பொழுது விடிவதே இல்லை என்று உறைக்கிறது. பொய் சொல்லவில்லை, சரி. ஆனால் அனுப்பவும் மாட்டாள். இந்த ஒரு வாக்கியம் முழ நீள நகங்கள் பத்துக்குச் சமம். அங்கே சேவல் கூவுவதில்லை, நிழல் நகர்வதில்லை என்று இரண்டு இடத்தில் முன்பே போகிறபோக்கில் சொல்லி வையுங்கள். ஏமாந்தவள் யாழினி மட்டும் இல்லை, நாமும்தான் என்று வாசகர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

ராணி எப்படிப் பேசுகிறாள் என்பதற்கு வருவோம். இப்போது அவள் சினிமா வில்லன் மாதிரி பேசுகிறாள். உலகத்தை ஆள ஆசைப்படுகிறாள். உலகத்தை ஆளப் போகிறவளுக்கு நாலு வயதுப் பிள்ளை எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பழங்கதைத் தேவதைகளின் ஆசை சின்னது, விசித்திரமானது. கோபமும் அப்படித்தான். 1697-இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ எழுதிய உறங்கும் அழகி கதையில் ஏழு தேவதைகளை விருந்துக்கு அழைத்து, ஏழே ஏழு தங்கப் பேழைகள் செய்து வைக்கிறார்கள். செத்துப்போயிருப்பாள் என்று நினைத்து விட்டுவிட்ட எட்டாவது கிழவி வந்து நிற்கிறாள். அவளுக்குப் பேழை இல்லை. அந்த அவமானத்துக்காகத்தான் பிஞ்சுக் குழந்தைக்கு மரண சாபம். உலக ஆதிக்கத்தைவிடப் பயங்கரமானது இது. யாரும் தெரியாமல் செய்துவிடக்கூடிய தப்பு அல்லவா?

உங்கள் ராணியை மரியாதை மிகுந்தவளாக மாற்றிப் பாருங்கள். ஒரு மாதிரிக்கு நானே எழுதிப் பார்த்தேன், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்:

"உட்கார்" என்றாள் ராணி. "களைத்துப் போயிருப்பாய். உன் தம்பி நன்றாக இருக்கிறான். வந்த அன்று அழுதான். இங்கே யாருக்கும் அழத் தெரியாது. எங்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. இப்போது எல்லாரும் பழகிக்கொண்டிருக்கிறோம்." யாழினி அப்போதுதான் மண்டபத்தைப் பார்த்தாள். சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்து, வாயைக் கோணி, தோளைக் குலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணிலும் ஈரம் இல்லை. "அவன் மறந்துவிட்டால்கூடக் கவலை இல்லை. நாங்கள் நினைவுபடுத்துகிறோம்" என்றாள் ராணி அன்பாக.

இதில் மிரட்டல் ஒரு சொல்கூட இல்லை. கவினை ஏன் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது, அந்தக் காரணமே கதைக்கு வழியும் காட்டுகிறது. அவன் அழுவதற்காகத்தான் அவர்களுக்கு வேண்டும் என்றால், அழாத கவினால் என்ன பயன்? அழுகிற தம்பியை எப்படிச் சிரிக்க வைப்பது என்பது ராணியைவிட அக்காவுக்குத்தான் தெரியும். மீதியை நீங்கள் எழுதுங்கள்.

அடுத்தது நீங்கள் கேட்காதது. ஆனால் நான் உங்கள் எடிட்டராக இருந்தால் இதைத்தான் முதலில் பேசியிருப்பேன். கவினின் இடத்தில் வந்து படுத்திருக்கும் போலி.

இரண்டாம் அத்தியாயத்தில் யாழினி அதை எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? அது பேசுவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, பொம்மைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிறது, தொட்டால் அலறுகிறது. "இது என் தம்பியே இல்லை" என்கிறாள். சுருக்கத்தின்படி கடைசியில் அதை அடுப்புத் தீயில் தள்ளுகிறாள், உண்மைக் கவின் வந்துவிடுகிறான். இந்த இரண்டும் போக வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளிடம் அன்றாடம் பார்ப்பவை. உங்கள் வாசகர்களில் அப்படி ஒரு பிள்ளை இருக்கும், அப்படி ஒரு தம்பிக்கு அக்காவும் இருப்பாள். அவர்களிடம் போய் "உன் வீட்டில் இருப்பது அசல் இல்லை" என்று சொல்லலாமா?

இது நான் கிளப்பும் வீண் பயம் இல்லை. இந்த நம்பிக்கை உண்மையிலேயே உயிர்களைக் குடித்திருக்கிறது. 1826-இல் அயர்லாந்தில் நடக்கவும் பேசவும் முடியாத ஒரு சிறுவனை, அவனுக்குள் இருக்கும் தேவதையை விரட்டுவதாகச் சொல்லி ஆற்றில் முக்கினார்கள். அவன் மூழ்கிச் செத்தான். 1895-இல் அதே நாட்டின் டிப்பரரியில், உடம்புக்கு முடியாமல் கிடந்த பிரிஜெட் கிளியரி என்ற 26 வயதுப் பெண்ணை, இவள் என் மனைவி இல்லை, தேவதைகள் மாற்றிவைத்தவள் என்று சொல்லிப் புருஷனே எரித்தான். தீயில் தள்ளுவது என்பது உங்களுக்குக் கதைக்கட்டத்தில் ஒரு திருப்பம். அந்தச் சரித்திரம் தெரிந்தவர் அதை அப்படிப் படிக்க மாட்டார்.

அப்படியானால் போலியை விட்டுவிடுவதா? வேண்டவே வேண்டாம், உங்கள் நாவலின் மிகச் சிறந்த யோசனை அதுதான். தலைகீழாக்குங்கள். போலி ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கட்டும். தட்டில் போட்டதைச் சிந்தாமல் சாப்பிடுகிறது. எட்டு மணிக்குப் படு என்றால் எட்டு மணிக்குப் படுக்கிறது. கேட்டால் முத்தம் தருகிறது, கேட்காவிட்டால் சுவரோரமாகக் கை கட்டி நிற்கிறது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே சந்தோஷம், பையன் திருந்திவிட்டான் என்று. கவின் தன்னைக் கிள்ளாமல் இருப்பதுதான் யாழினிக்கு உதைக்கிறது. அசல் தம்பியின் தொல்லைகளை அவள் ஒவ்வொன்றாக நினைத்து ஏங்க ஆரம்பிக்கிறாள். எந்த வகைப் பிள்ளையையும் இது புண்படுத்தாது. அதைவிட, பெற்றவர்களுக்குப் போலியைத்தான் கூடுதலாகப் பிடித்திருக்கிறது என்பது ஒரு பதினோரு வயதுக்காரியை எவ்வளவு உலுக்கும் என்று யோசியுங்கள்.

அதை வெளியேற்றவும் தீ தேவையில்லை. கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட தொகுதியில் ஒரு குட்டிக் கதை உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய், பக்கத்து வீட்டுக்காரியின் யோசனைப்படி முட்டை ஓட்டில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைக்கிறாள். படுத்திருந்த போலி அதைப் பார்த்துவிட்டு, "காடு எவ்வளவு கிழமோ அவ்வளவு கிழம் நான், முட்டை ஓட்டில் சமைப்பதைப் பார்த்ததே இல்லை" என்று சிரித்துவிடுகிறது. சிரித்ததும் குட்டி மனிதர்கள் கூட்டமாக வந்து அசல் பிள்ளையை வைத்துவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். உங்கள் கதையில் பாட்டி இங்கே முட்டை ஓட்டில் சமைக்கட்டும், யாழினி அங்கே தம்பியைச் சிரிக்க வைக்கட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் உச்சக்கட்டம் தானாக அமைந்துவிடும். போலிக்கு அங்கே காத்திருக்கும் அம்மா யார் என்பதையும் யோசித்து வையுங்கள். ராணியாகவே இருக்கலாம்.

வயதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி போகாத வயதில் உருவம்தான் பயம்: கோரைப்பல், சிவப்புக் கண். எட்டு வயதுக்கு மேல் அந்தப் பயம் குறைந்து, நிஜமாகவே நடக்கக்கூடியது எது என்று மனம் கணக்குப் போட ஆரம்பிக்கும். அந்தக் கணக்கில் உங்கள் பிரதியின் மிகப் பயங்கரமான இடம் ராணி அல்ல, அம்மாவின் நினைவு அழிந்து "நீ யாரம்மா?" என்று யாழினியையே கேட்கும் ஐந்தாம் அத்தியாயம். அது இருக்கட்டும். ஆனால் அதை இழுக்காதீர்கள், அதே அத்தியாயத்துக்குள் யாழினியை நம்பும் ஒருவரையாவது கொண்டுவந்துவிடுங்கள். பாட்டி அதற்கும் தோதான ஆள். இந்த வயதுப் பிள்ளைகள் தூங்கப் போகும்போது அத்தியாயம் அத்தியாயமாகப் படிப்பார்கள். ஆபத்தில் அத்தியாயம் முடியலாம், நாளைக்கு என்ன ஆகுமோ என்று படுத்துக்கொள்வார்கள். இனி யாருமே துணை இல்லை என்ற இடத்தில் முடிந்தால்தான் விளக்கை அணைக்க மாட்டார்கள்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. ராணி எதுகை மோனையோடு சொல்லும் ஆறு மந்திரப் பாட்டுகளில் ஐந்தை வெட்டுங்கள், நாலாவது மட்டும் நன்றாக இருக்கிறது. அட்டைப்படத்துக்கு ஓவியர் யோசனை கேட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சிறகு வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ராணியின் முகமும் வேண்டாம். சுத்தமாகத் தலை சீவி, பொத்தான் எல்லாம் போட்டு, நேராகப் பார்த்துச் சிரிக்கும் ஒரு நாலு வயதுப் பையனை வரையச் சொன்னால் போதும்.